மூன்று முட்டையும் ஐந்தாவது வள்ளமும்

எந்தக் கடற்கரை என்று இங்கேயும் எழுத மாட்டேன். வைப்பின் தீவின் மேற்குக் கரை, கருங்கல் கடல்சுவரில் ஓர் இடைவெளி விழுந்திருக்கும் இடம் என்பதோடு விட்டுவிடுகிறேன். பறவை கூடு வைத்த இடத்தை யாரிடமும் சொல்லாமலிருப்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கம் ஒரு மனிதருக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிறேன். சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு கை மிளகை எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, பொக்கு எது, காம்பு எது, கல் எது என்று பிரிக்க வேண்டும். ஒரே நிறத்துக்குள் வேறொன்றைத் தேடியே பாதி ஆயுள் போய்விட்டது. அதனாலோ என்னவோ, மணலில் கிடக்கும் மணல்நிற முட்டை மற்றவர்களைவிட எனக்குச் சீக்கிரம் கண்ணில் படும். கிடங்கில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “ஞாயித்துக்கிழமையும் பொக்கு பொறுக்கப் போறியா?” என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, சொன்னால் சண்டையில் முடியும். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும் ஆள் நான்.

மார்ச் பிறந்ததிலிருந்து மே கடைசி வரை விடுமுறை நாளெல்லாம் எனக்குக் கடற்கரைதான். விடிந்ததும் கோட்டைக் கொச்சி ஜெட்டிக்குப் போய், ஜங்கார் படகில் அக்கரை ஏறி, பஸ் பிடித்து, இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். குளிர்காலத்துக்கு வந்து வடக்கே திரும்பிப் போகும் கரைப்பறவைகளை எண்ணுவது ஒரு வேலை. போகாமல் இங்கேயே தங்கி முட்டையிடுபவற்றைக் கண்காணிப்பது இன்னொரு வேலை. எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கு. கண்காணிப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது.

நான் கண்காணிப்பது உப்புக்கொத்தி. மலையாளத்தில் மணல்கோழி என்பார்கள், ஆனால் கோழியோடு ஒரு சம்பந்தமும் இல்லை, உள்ளங்கையில் அடங்கிவிடும். நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். கூடு கட்டத் தெரியாது. மணலில் நெஞ்சை அழுத்தி ஒரு சின்னக் குழி பண்ணி, உடைந்த சிப்பித் துண்டு நாலைந்தைப் போட்டு, அதில் மூன்று முட்டை வைக்கும். மேலே கூரை இல்லை, சுற்றி வேலி இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாது என்கிற ஒரே நம்பிக்கைதான் அதற்குப் பாதுகாப்பு.

அதனால் பறவை பார்க்கும் எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. கூட்டை நோக்கி நேராக நடக்கக் கூடாது, கால்தடம் நாய்க்கு வழிகாட்டிவிடும். பக்கத்தில் கம்பு நடக் கூடாது, காக்கை அதன்மேல் வந்து உட்காரும். இவை எல்லாவற்றுக்கும் மேல், இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டை எங்களுக்கு உறுதியாக்கியவள் தேவராவில் இருக்கும் என் தோழி. வங்கியில் வேலை, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், எங்கள் ஏழெட்டுப் பேரின் குறிப்புகளையெல்லாம் சேர்த்து வைப்பவள் அவள்தான். ஒரு வருடம் அவள் நம்பி ஒரே ஓர் ஆளிடம் ஒரு கூட்டைச் சொன்னாள். மறுநாள் காலை அங்கே பத்துப் பேர் கேமராவோடு குப்புறப் படுத்திருந்தார்கள். தாய்ப்பறவை சாயங்காலம் வரை திரும்பி வரவில்லை. முட்டைகள் வெயிலில் வெந்துபோயின. அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து ஓர் இடத்தின் பெயரை யாராலும் வாங்க முடியாது.

இந்தக் கரையில் நான் கண்காணிக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடத்தில் ஒரு குஞ்சுகூடப் பிழைத்து நான் பார்த்ததில்லை. ஒரு கூட்டை நாய் தின்றது, ஒன்றைக் காக்கை, ஒன்றைக் கடலேற்றம் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து யாருடனும் பேசாமல் படுத்துக்கொள்வேன். ஆகவே போன ஏப்ரலில், சுவரின் இடைவெளிக்கு உட்புறம் உயர்ந்து கிடக்கும் மணல்மேட்டில், அடப்பங்கொடி படர்ந்த வடக்கு ஓரத்தில், மூன்று முட்டைகளைக் கண்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. நல்ல இடம். கரையிலேயே மேடான இடம். எந்த ஏற்றமும் அவ்வளவு உயரம் வராது. இந்த முறை இது பொரிந்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மேட்டுக்குக் கீழேதான் ஐந்து ஃபைபர் மீன்பிடி வள்ளங்கள் கிடக்கும். அவற்றில் ஒன்று ஓர் அமரக்காரருடையது. அமரம் என்றால் வள்ளத்தின் பின்முனை. அங்கே நின்று திசை பிடிப்பவர் அமரக்காரர். குளச்சல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, வைப்பினில் பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டவர். ஐம்பது வயதிருக்கும். பையும் நோட்டுமாகத் திரிவதால் கரையில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை, திருத்தினால் அடுத்த கேள்வி வரும்.

கூட்டைக் கண்ட அடுத்த ஞாயிறு அவர் வலையை உதறிக்கொண்டே கேட்டார்.

“டீச்சரே, வரப்போ எல்லாம் அந்த மேட்டையே பாக்கிறீங்களே, அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல சேட்டா. கடல்ல போற ஆலாவை எண்றேன்.”

“எனக்கு ஊரு குளச்சலாக்கும். தமிழ் கேக்கப்போ ஒரு சுகம். எதாவது இருந்தா சொல்லுங்க, நாய் கேறாம நான் பாத்துக்கிடுவேன்.”

“ஒண்ணுமே இல்ல சேட்டா” என்றேன் மறுபடியும். அதோடு நிற்காமல், தெற்கே கடலைக் காட்டி ஏதோ இல்லாத பறவைக் கூட்டத்தைப் பற்றியும் பேசினேன். நல்ல மனிதர் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சரளமாகப் பொய் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடைகாக்க இருபத்தைந்து நாள் போல ஆகும். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, கைபேசியில் எச்சரிக்கை வந்தது: மறுநாள் பிற்பகல் முதல் கள்ளக்கடல்.

காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். எங்கோ தூரக் கடலில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் கரைக்குள் ஏறிவிடும். அதனால்தான் அந்தப் பெயர். எச்சரிக்கையைப் பார்த்ததும் நான் போன வருடக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, அப்போது தண்ணீர் எதுவரை ஏறியது, மேடு எவ்வளவு உயரம் என்று சனிக்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். தோழிக்கும் போன் போட்டேன். கூட்டைத் தண்ணீர் தொடாது என்று இருவரும் முடிவுக்கு வந்தோம். நிம்மதியாகத் தூங்கினேன்.

கரையில் மேடான இடம் எதுவென்று எனக்கு மட்டுமா தெரியும்? அதைத் தேடி வேறு யார் வருவார்கள் என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் சுற்றி நடந்து, கூட்டைக் கடக்கும்போது மட்டும் குனிந்து பார்த்தேன். இரண்டு முட்டையில் வெடிப்பு விழுந்திருந்தது. மூன்றாவதற்குள்ளிருந்து மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. உள்ளிருந்தே குஞ்சு கூப்பிடுகிறது. மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன், கால் தரையில் பாவவில்லை. நாளைக் காலைக்குள் பொரிந்துவிடும். தள்ளிப் போய்ச் சுவர் நிழலில் உட்கார்ந்து, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மத்தியானம் வரை எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், தோளில் உருளை மரங்கள். இரண்டு பேர் நேரே மேட்டில் ஏறி, உருளைகளை வரிசையாகப் போடத் தொடங்கினார்கள். தெற்கு ஓரத்திலிருந்து வடக்கு ஓரம் வரை ஐந்து வரிசை. ஐந்து வள்ளத்துக்கு ஐந்து இடம். கள்ளக்கடல் என்றால் வள்ளங்கள் மேட்டில் ஏறும். கடைசி வரிசையின் உருளை கூட்டிலிருந்து ஓர் எட்டு தூரத்தில் விழுந்தது. பறவை எழுந்து ஓடியது.

தோழிக்குப் போன் போட்டேன்.

“வள்ளத்தை ஏத்தறாங்க. கூடு இருக்கற எடத்துக்கே.”

“ஈசுவரா” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆருட்டயும் எடத்தைச் சொல்லப்படாது, கேட்டியோ? வேற என்னமாவது சொல்லி மாத்திப் போடச் சொல்லு” என்றாள்.

“வேற என்ன சொல்றது? மேட்டுல பேய் இருக்குன்னா?”

கத்திவிட்டுப் போனை வைத்தேன். அவளிடம் கோபப்பட்டு என்ன பயன்? நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், சொல்லாமல் தப்பிக்க ஏதாவது வழி உண்டா என்று. அதற்குள் முதல் வள்ளத்தை இடைவெளிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அமரக்காரர் முன்னால் நின்று ஐலசா போட, மற்றவர்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நான் ஓடிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“சேட்டா, கொஞ்சம் நிறுத்துங்க. வடக்கு ஓரத்துல ஏத்த வேணாம். அங்க ஒரு பறவை முட்டை வெச்சிருக்கு. இன்னிக்கு ராத்திரி பொரிஞ்சிடும்.”

அவர் நிறுத்தவில்லை. வள்ளத்தை அதன் இடத்தில் நிறுத்தி, மரத்தை அடை கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

“அங்க ஒண்ணும் இல்லேன்னு நீங்கதானே சொன்னது?”

“சொன்னேன். பொய் சொன்னேன்.”

“அப்பம் அதுவா பொய், இதுவா பொய்?”

பின்னால் நின்றவர்கள் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். டீச்சருக்கு வெயில் ஏறிவிட்டது என்று ஒருவன் சொன்னது நன்றாகக் கேட்டது. வேறு நாளாக இருந்தால் அவனை அங்கேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்றைக்கு அவமானத்தை விழுங்கிக்கொண்டு, “வந்து பாருங்க” என்று மேட்டில் ஏறினேன். கூட்டை நோக்கி நேராக, நின்று நின்று, கையை நீட்டிக்கொண்டே. செய்யக் கூடாதது எல்லாவற்றையும் செய்தேன்.

அவர் பின்னாலேயே வந்தார். காலடியில் காட்டியும் அவர் கண்ணுக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் சட்டென்று காலைப் பின்னுக்கு எடுத்தார்.

“மாதாவே. இதுலயா மிதிக்க இருந்தோம்?”

நாலடி தள்ளித் தாய்ப்பறவை ஒரு சிறகை விரித்து மணலில் இழுத்துக்கொண்டு, விழுந்து விழுந்து ஓடியது.

“பாவம், அதுக்குச் சிறகு ஒடிஞ்சு கிடக்கு” என்றார்.

“ஒடியல சேட்டா. நம்மளை இங்கேருந்து கூட்டிட்டுப் போகறதுக்கு அப்படி நடிக்குது.”

“அப்பம் அதுவும் பொய்தான் சொல்லுது.”

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டார். குறைந்தது பத்தடி என்றேன். அதற்குக் குறைந்தால் பறவை திரும்பி வந்து உட்காராது. அவர் மேட்டை ஒருமுறை கண்ணால் அளந்தார். பத்தடி என்றால் ஒரு வள்ளத்தின் இடம். நாலு வள்ளத்தை நெருக்கி வைக்கலாம், ஐந்தாவதற்கு இடமில்லை. வடக்கே அரைக் கிலோமீட்டரில் இன்னொரு மேடு உண்டு, ஆனால் அங்கே கடல் வழியாக எஞ்சினில் கொண்டுபோய்த்தான் ஏற்ற முடியும். அலை ஏற்கெனவே கனத்துவிட்டது. இனி வள்ளத்தைத் தண்ணீரில் இறக்குவது நடக்காது.

ஐந்தாவது வள்ளம் யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஐலசா போடுகிறவன் வள்ளம் கடைசியில்தான் ஏறும். தன்னுடையதை முதலில் ஏற்றிவிட்டால் மற்றவர்களுக்குக் குரல் கொடுக்கத் தொண்டை வராது என்பார்கள். கேட்டுக்கொண்டு நின்ற ஓர் ஆள்தான் அதைச் சொன்னான், மலையாளத்தில், என் முகத்துக்கு நேரே. உங்கள் குருவிக்காக இவருடைய வள்ளம் வெளியே கிடக்க வேண்டுமா என்று கேட்டான்.

எல்லோரும் அமரக்காரரைப் பார்த்தார்கள். அவர் முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முட்டைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மறுபடி வந்தது, இம்முறை நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

“உள்ளே கிடந்து விளிக்குது” என்றார். பிறகு ஆட்களிடம் திரும்பி, நாலையும் நெருக்கிப் போடுங்கள், என்னுடையதைச் சுவர் வாயில் கட்டிக்கொள்ளலாம் என்றார். யாரும் அசையவில்லை. “வாங்கடே, நேரம் போகுது” என்று அதட்டியதும் அசைந்தார்கள்.

மீதி மூன்று வள்ளத்தையும் ஏற்ற முக்கால் மணி ஆகும். அதுவரை பறவை பக்கத்தில் வராது. ஏப்ரல் வெயிலில் மணல் காலைச் சுட்டது. முட்டைகள் அப்படியே கிடந்தால் உள்ளே இருப்பவை செத்துவிடும். வேறு வழி தெரியவில்லை. கூட்டுக்கு மேற்கே ஓர் எட்டில் போய் நின்று, என் நிழல் முட்டைகள்மேல் விழும்படி குனிந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றேன். முதுகு விட்டுப்போயிற்று. வியர்வை முட்டைமேல் சொட்டிவிடுமோ என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஐலசா கேட்கும்போதெல்லாம் உருளை இந்தப் பக்கம் உருண்டு வருமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு முறை உருண்டும் வந்தது. அமரக்காரர் காலைக் கொடுத்து நிறுத்தினார், விரல் நசுங்கியிருக்க வேண்டும், அவர் வாயிலிருந்து குளச்சல் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது.

நாலாவது வள்ளம் அமர்ந்ததும் எல்லோரும் கீழே இறங்கினோம். பத்து நிமிடத்தில் பறவை வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. பைனாகுலருக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஐந்தாவது வள்ளத்திலிருந்து எஞ்சினையும் வலையையும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். இடைவெளியின் வாயில், எவ்வளவு மேலே இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, இரண்டு கயிறு போட்டுச் சுவரின் கற்களில் கட்டினார்கள். அமரக்காரர் முடிச்சுகளை இரண்டு முறை சோதித்துப் பார்த்தார்.

ஐந்து மணிக்குக் கடல் வந்தது. இரைச்சல் இல்லை, நுரை இல்லை. தண்ணீர் மட்டும் தடித்து எழும்பி, வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் மேலே வந்துகொண்டே இருந்தது. முதல் இரண்டு அலை வள்ளத்தின் அடியைத் தொட்டுத் திரும்பியது. மூன்றாவது அலை வள்ளத்தைத் தூக்கிவிட்டது. ஒரு கயிறு அறுந்தது. வள்ளம் பக்கவாட்டில் திரும்பிச் சுவரின் கல்லில் மோதிய சத்தம் மரம் பிளப்பது போல் கேட்டது. ஆறேழு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மிச்சக் கயிற்றைப் பிடித்தார்கள். அடுத்த அலை அவர்களையும் சேர்த்து இழுத்தது. விட்டுவிடச் சொல்லி அமரக்காரர் கத்தினார்.

இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். ஆனால் பாதியை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் என் பைனாகுலர் மேட்டின் வடக்கு ஓரத்தில் இருந்தது. தண்ணீர் மேட்டின் சரிவில் ஏறுகிறது, ஏறுகிறது, கூட்டுக்கு நாலு எட்டு தள்ளி நின்றுவிட்டது, பறவை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் நின்றதும் “அப்பாடா” என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வள்ளம் முன்முனையிலிருந்து நடு வரை வாய் பிளந்து கல்மேல் கிடந்தது. என் அருகே நின்றவர்கள் நான் சொன்னதைக் கேட்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் கண்ணில் படாமல் சுவரின் மறுபக்கமாகப் போனேன்.

மறுநாள் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு முதல் ஜங்காரில் ஏறினேன். ஆறேமுக்காலுக்குப் பைனாகுலரில் பார்த்தபோது தாயின் வயிற்றுக்கடியில் மூன்று தலைகள் தெரிந்தன. மூன்று வருடம் காத்திருந்த காட்சி. ஒரு நிமிடம்கூட அதை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. கண் தானாகவே சுவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அமரக்காரர் உடைந்த வள்ளத்தின் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்திருந்தார், காலில் துணி சுற்றியிருந்தது. உடன் நாலு பேர், விரிசலுக்குள் கையை விட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நான் எட்டவே நின்று இரண்டு தரம் கிட்டே போக எழுந்து, இரண்டு தரமும் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்கு அவரே எழுந்து வந்தார், நொண்டிக்கொண்டு.

“விரிஞ்சாச்சா?”

“மூணும் பொரிஞ்சிடுச்சு சேட்டா.”

“காட்டுங்க.”

கூட்டிக்கொண்டு போனேன். குழி காலியாக இருந்தது. நாலைந்து சிப்பித் துண்டைத் தவிர ஒன்றுமில்லை. உடம்பு காய்ந்ததும் இந்தக் குஞ்சுகள் ஓடிவிடும், கூட்டில் தங்காது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர் வந்து கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் குனிந்து அந்தக் காலிக் குழியைப் பார்த்தார். தேங்காய்ச் சிரட்டை அளவுகூட இல்லை.

“இதுக்குள்ளதான் கிடந்துதா?”

“கொஞ்சம் உக்காருங்க சேட்டா. ஆடாம இருந்தா வெளியே வரும்.”

இருவரும் மணலில் உட்கார்ந்தோம். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். இதையாவது அவர் பார்த்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் அடப்பங்கொடிக்கு அடியிலிருந்து புளியங்கொட்டைக்குக் கால் முளைத்தது போல ஒன்று வெளியே ஓடிவந்து, நின்று, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி கொடிக்குள் போனது. அவ்வளவுதான்.

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. கோபமும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“டீச்சரே, அன்னைக்கு நான் கேட்டப்போ நீங்க ஒரு வாக்கு சொல்லியிருந்தா, அஞ்சு வள்ளத்தையும் சனிக்கிழமையே எஞ்சின் போட்டு வடக்கே கொண்டு போய்க் கேத்தியிருப்போம். ஒரு மணிக்கூர் வேலை. இதுவும் இருந்திருக்கும், அதுவும் இருந்திருக்கும்.” கொடியைக் காட்டினார், பிறகு வள்ளத்தைக் காட்டினார்.

தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“வேற எங்கயாவது இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. தெற்கே, கரை ஒதுங்கிய ஒரு மரக்கட்டைக்குப் பக்கத்தில், இரண்டு முட்டை. பத்து நாளைக்கு முன்பு கண்டது. தோழியைத் தவிர யாருக்கும் தெரியாது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, ‘இல்லை’ என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பிளந்த வள்ளம் கண்ணெதிரே கிடக்கும்போதும் வந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

“இருக்கு” என்றேன். கையை நீட்டி மரக்கட்டையைக் காட்டினேன்.

அவர் திரும்பி, வள்ளத்தருகே நின்ற நாலு பேரையும் உரக்கக் கூப்பிட்டார். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் யாராவது ஒருவன் அங்கே வலையை விரித்துவிடுவான் என்றார். அவர்கள் வந்தார்கள். ஐந்து பேருமாக, வளையாமல், மரக்கட்டையை நோக்கி ஒரே நேராக நடந்தார்கள், மணலில் ஐந்து வரிசைக் கால்தடம் விழுந்தது. அந்தப் பறவை எழுந்து ஓடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. “மெதுவா சேட்டா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே நானும் அவர்களோடு நடந்தேன்.